ஏழு புள்ளிக் கோலத்தில் குளோரோபென்சீன் எண்ணும் முறை

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் வருடத்துக்கு நாலைந்து பேராவது "1,2,5-டிரைகுளோரோபென்சீன்" என்று எழுதி என்னிடம் நீட்டுவார்கள். அப்படித் தனியாக ஒரு சேர்மம் கிடையாது. ஆனால் எழுதிய பிள்ளை சோம்பேறியும் கிடையாது. ராத்திரி உட்கார்ந்து அறுகோணம் அறுகோணமாக வரைந்து, மூலைக்கு மூலை குளோரினை மாற்றி வைத்து, பத்துப் பன்னிரண்டு படம் போட்டு, கடைசியில் எதுவும் எதுவும் ஒன்று என்று பிரிக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளை. எத்தனை விதமான குளோரோபென்சீன் உண்டு என்று எண்ணும் முறை கைக்கு வந்துவிட்டால் இந்தப் பாடு வேண்டாம். பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் பி.எஸ்சி. முதல் வருடத்துக்கும் போதுமான அளவு அதை இங்கே எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலேயே வேதியியல் சொல்லித்தருகிறேன். உப்பனாற்றங்கரையில் சிதம்பரம் சாலையை ஒட்டி இத்தனை ரசாயன ஆலைகள் இருக்கிற ஊரில், குளோரின் ஏறிய பென்சீன் என்பது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய விஷயமாக இருக்க முடியாது. அப்பா ஷிப்டுக்குப் போகிறவர், மாமா டேங்கர் ஓட்டுகிறவர் என்று ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் யாராவது இருக்கிறார்கள். டிரம்மில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு வந்து, "மிஸ், ஆர்த்தோ டைகுளோரோன்னா என்ன மிஸ்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு முக்கியம். குளோரின் எத்தனை இருக்கிறது என்பதோடு பதில் முடியாது. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சொன்னால்தான் அது எந்தப் பொருள் என்று தெரியும்.

கோலம்

இடுக்குப் புள்ளிக் கோலத்தில் மிகச் சின்னது 3 புள்ளி, 2 வரை. நடு வரிசையில் மூன்று புள்ளி. மேலே இடுக்கில் இரண்டு, கீழே இடுக்கில் இரண்டு. மொத்தம் ஏழு. சுற்றியிருக்கும் ஆறையும் கோட்டால் சேர்த்தால் அறுகோணம் வந்துவிடும். நடுவில் தனியாக நிற்கும் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பென்சீன் தயார், மூலைக்கு ஒரு கார்பன்.

அந்த வட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1865-ல் கெக்குலே சொன்னபடி ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைக் கோடு போட்டால், 1-ஆம் மூலைக்கும் 2-ஆம் மூலைக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பும் 1-க்கும் 6-க்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பும் வரும். அப்படியே அசையாமல் நின்றால் பக்கத்துப் பக்கத்தில் குளோரின் உள்ள பொருள் இரண்டு விதமாக இருக்க வேண்டும். நிஜத்தில் ஒன்றுதான் இருக்கிறது. ஆறு பிணைப்பும் ஒரே தரம் என்பதைத்தான் வட்டம் சொல்கிறது. எண்ணும்போது இரட்டைக் கோடு கண்ணைக் குழப்பும், வட்டம் குழப்பாது.

இதை நோட்டில் போடாமல் தரையில், கோலமாவில் போடச் சொல்வேன். தரையில் போட்டால் அதைச் சுற்றி நடக்கலாம். குளோரினுக்குப் புளியங்கொட்டை. கொட்டை இல்லாத மூலையில் ஹைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொட்டையை வையுங்கள். எந்த மூலையில் வைத்தாலும், அந்த மூலை உங்களுக்கு நேராக வரும்வரை நடந்து போய் நின்றால் படம் ஒன்றுதான். ஆகவே மோனோகுளோரோபென்சீன் ஒன்றே ஒன்று. அதற்கு எண் தேவையில்லை.

இரண்டாவது கொட்டையை வைக்கும்போது மூலைக்கு எண் போட அவசரப்படாதீர்கள். முதல் கொட்டையிலிருந்து கோட்டின் மேலேயே நடந்தால் இரண்டாவதுக்கு எத்தனை எட்டு (ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு ஒரு எட்டு, அதாவது ஒரு காலடி), அங்கிருந்து தொடர்ந்து நடந்து முதல் கொட்டைக்குத் திரும்ப எத்தனை எட்டு என்று மட்டும் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு எட்டு. ஆக, ஆறை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: 1+5, 2+4, 3+3. வேறு வழி இல்லை. முதலாவது ஆர்த்தோ, இரண்டாவது மெட்டா, மூன்றாவது பாரா. டைகுளோரோபென்சீன் மூன்று.

மூன்று கொட்டை என்றால் ஆறை மூன்றாகப் பிரியுங்கள்: 1+1+4, 1+2+3, 2+2+2. அவ்வளவுதான். இவை முறையே 1,2,3-டிரைகுளோரோ, 1,2,4-டிரைகுளோரோ, 1,3,5-டிரைகுளோரோ.

இங்கேதான் அந்த 1,2,5 வந்து நிற்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான், கெட்டிக்காரன். "1,2,4-ல எட்டு 1, 2, 3-ன்னு வருது. 1,2,5-ல 1, 3, 2-ன்னு வருது. இது வேற, அது வேற மிஸ்" என்று விடவே மாட்டேன் என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. தரையில் இருக்கிற கோலத்தைச் சுற்றி எத்தனை முறை நடந்தாலும் 1, 3, 2 என்பது 1, 2, 3 ஆகாது, ஒரே திசையில் நடக்கிறவரை. அவனை எழுந்து நின்று எதிர்த்திசையில் நடக்கச் சொன்னேன். 2, 3, 1 என்று வந்தது. அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னால் 1, 2, 3.

எதிர்த்திசையில் நடக்க அனுமதி எங்கிருந்து வந்தது? பென்சீன் வளையம் தட்டை. கார்பன், ஹைட்ரஜன், குளோரின் எல்லாம் ஒரே தளத்தில் இருக்கின்றன. தோசையைத் திருப்பிப் போட்டாலும் அதே தோசைதான். திருப்பிய பிறகு வலம் இடமாகிவிடும், ஆகவே எந்தத் திசையில் படித்தாலும் ஒரே பொருள். கோலத்தைத் தரையிலிருந்து எடுத்துத் திருப்ப முடியாததால் நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம். பெயர் வைக்கும்போது இரண்டு திசையிலும், எல்லா மூலையிலிருந்தும் எண்ணிப் பார்த்து, மிகச் சிறிய எண் வரிசை எது வருகிறதோ அதை எடுக்க வேண்டும். 1,2,5 என்றும் 1,3,4 என்றும் நீங்கள் எழுதுவதெல்லாம் அப்படிப் பார்த்தால் 1,2,4 ஆகிவிடும்.

நாலு கொட்டைக்கு நாலாகப் பிரிக்க உட்காராதீர்கள். காலி மூலையை எண்ணுங்கள். நாலு மூலை நிரம்பினால் இரண்டு காலி, அந்த இரண்டும் ஆர்த்தோவாகவோ மெட்டாவாகவோ பாராவாகவோதான் இருக்க முடியும். ஆகவே டெட்ராகுளோரோவும் மூன்று: காலி மூலைகள் பக்கத்தில் இருந்தால் 1,2,3,4, ஒன்றுவிட்டு இருந்தால் 1,2,3,5, எதிரெதிரே இருந்தால் 1,2,4,5. ஐந்துக்கு ஒரு காலி, ஆகவே ஒன்று. ஆறு நிரம்பினால் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 1, 3, 3, 3, 1, 1, மொத்தம் 12 குளோரோபென்சீன்கள்.

மூன்று புட்டிகளில் எது எது?

எண்ணுவது ஒரு பக்கம். கையில் மூன்று புட்டி இருக்கிறது, மூன்றிலும் டைகுளோரோபென்சீன்தான், ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. எது ஆர்த்தோ, எது பாரா என்று எப்படித் தெரியும்? இன்றைக்கு ஜி.சி.யில், அதாவது பொருள்களை ஆவியாக்கிப் பிரித்துக்காட்டும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில், போட்டுப் பார்த்துவிடுவோம். அந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்தில், 1874-ல், வில்ஹெல்ம் கோர்னர் என்பவர் இத்தாலியில் இருந்துகொண்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வெளியிட்டார். அவர் கையாண்டது புரோமின் ஏறிய பென்சீன். கணக்கு குளோரினுக்கும் அதேதான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கோலத்தில் இரண்டு கொட்டையைப் பாராவில் வையுங்கள், எதிரெதிரே. இப்போது மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காலி மூலையிலும் வைத்து எட்டு எண்ணிப் பாருங்கள். நாலு மூலையிலும் 1+2+3 தான் வரும். அதாவது பாராவிலிருந்து ஒரே ஒரு டிரைகுளோரோ.

கொட்டைகளை ஆர்த்தோவுக்கு மாற்றுங்கள். மூன்றாவதை அவற்றை ஒட்டி இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் 1+1+4. தள்ளியிருக்கிற மற்ற இரண்டு மூலையில் வைத்தால் 1+2+3. ஆக இரண்டு.

மெட்டாவில் வைத்துப் பாருங்கள். நடுவில் போட்டால் 1+1+4. எதிர்முனையில் போட்டால் 2+2+2. மிச்சமுள்ள இரண்டு மூலையில் 1+2+3. ஆக மூன்று.

கோர்னர் இதைப் புட்டியில் செய்தார். இரண்டு தொகுதி உள்ள பொருளில் மூன்றாவதை ஏற்றி, எத்தனை விதமான பொருள் கிடைக்கிறது என்று பிரித்தெடுத்து எண்ணினார். ஒன்று கிடைத்தால் தொடங்கியது பாரா, இரண்டு என்றால் ஆர்த்தோ, மூன்று என்றால் மெட்டா. அணுவைக் கண்ணால் பார்க்காமலேயே அது எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டார். சொன்னது சரி என்பதற்கு இன்றைய கருவிகள் எல்லாம் சாட்சி. பிள்ளைகளே, புத்தகத்தில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரியைப் படிக்கும்போது கையில் கொட்டையை வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 1,2,4 மூன்று இடத்திலிருந்தும் வருகிறது. பென்சீனில் இரும்பு குளோரைடை வினையூக்கியாகப் போட்டுக் குளோரினை விட்டால் முதலில் மோனோ வரும். அந்தக் குளோரின் அடுத்த குளோரினை ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் அனுப்பும், மெட்டாவுக்கு மிகக் கொஞ்சம்தான். ஆகவே இரண்டாவது படியில் பாரா அதிகம், ஆர்த்தோ அடுத்தது. அதற்கு மேலும் குளோரின் போனால் இரண்டிலிருந்தும் 1,2,4 சேரும். மெட்டா டைகுளோரோ வேண்டும் என்றால் நேராகக் குளோரின் விட்டுப் பெறுவது கஷ்டம், அமினோ தொகுதியை வைத்து, பிறகு அதைக் கழற்ற உதவும் டையசோ வினை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆய்வகத்தில் இவற்றைப் பார்க்கிற விதம் வேறு. ஆர்த்தோ கொதிப்பது 180 டிகிரி செல்சியஸில். மெட்டா 173, பாரா 174. கொதிநிலை இவ்வளவு கிட்டே இருப்பதால் ஜி.சி.யின் சாதாரண பிரிகைக் குழாயில் மெட்டா பீக்கும் (வரைபடத்தில் எழும் முகடு) பாரா பீக்கும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வரும், ஆர்த்தோ தனியாகப் பின்னால் வரும். முதல் மாதங்களில் அந்த ஒட்டிய பீக்கைப் பார்த்துவிட்டு, அதை ஒரே பொருள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். பிறகு சீனியர் அண்ணன் ஒருவர் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்துத் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினார். அன்றிலிருந்து சாய்த்துப் பிடித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

கொதிநிலையில் ஒட்டிக்கொள்கிற மெட்டாவும் பாராவும் உருகுநிலையில் எவ்வளவு தூரம் விலகிவிடுகின்றன பாருங்கள். பாரா உருகுவது 53 டிகிரியில். மெட்டா உருகுவது சுழியத்துக்குக் கீழே 25-ல், ஆர்த்தோ கீழே 17-ல். நம் ஊர் மார்கழிக் காலையிலும் சித்திரை மத்தியானத்திலும் ஆர்த்தோவும் மெட்டாவும் திரவம், பாரா கட்டி. பாரா மூலக்கூறு இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கிற சமச்சீரான உருவம், செங்கல் அடுக்கின மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதைக் கலைக்க அதிக வெப்பம் வேண்டும். பாராவில் இரண்டு குளோரினும் எதிரெதிர்ப் பக்கம் சமபலத்தோடு கயிறு இழுப்பதால் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, சுழியம். மற்ற இரண்டுக்கும் உண்டு, ஆர்த்தோவுக்கு அதிகம். பரீட்சையில் இந்த இரண்டு காரணமும் மாறி மாறிக் கேட்கப்படும்.

பீரோவில் இருக்கிற பாரா

பாரா டைகுளோரோபென்சீனை நீங்கள் எல்லாரும் முகர்ந்திருக்கிறீர்கள். பீரோவில் போடுகிற அந்துருண்டை, அதாவது பாச்சா உருண்டை, இரண்டு விதமாகக் கடையில் கிடைக்கிறது. ஒன்று நாஃப்தலீன், இன்னொன்று பாரா டைகுளோரோபென்சீன். இரண்டும் வெள்ளை, இரண்டும் பதங்கமாகும், அதாவது திரவமாகாமலே கட்டியிலிருந்து ஆவியாகிக் கரைந்துபோகும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என் அம்மாவின் கல்யாணப் பட்டில் ஒரு கறை இருக்கிறது. பழைய உருண்டை கொஞ்சம் மிச்சம் இருந்தபோது புதிதாக வேறு விதம் வாங்கிச் சேர்த்துப் போட்டுவிட்டோம். இரண்டும் கலந்தால் தனித்தனியே உருகுகிற சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அந்த வருட வெயிலில் இளகிப் புடவையின் மடிப்பில் இறங்கிவிட்டது. அம்மா இன்றைக்கும் அந்த மடிப்பை உள்பக்கமாக வைத்துத்தான் மடிக்கிறார்.

எது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில், சுமாராக 200 மில்லி, மரக்காணம் கல்லுப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். 70 கிராம் வரை கரையும். இனிமேல் கரையாது, அடியில் உப்பு தங்குகிறது என்கிற நிலை வந்ததும் தெளிந்த நீரை மட்டும் வேறு டம்ளருக்கு வடித்துக்கொள்ளுங்கள். உருண்டையை அதில் போடுங்கள். நாஃப்தலீன் மிதக்கும். பாரா டைகுளோரோபென்சீன் மூழ்கும். வெறும் தண்ணீரில் இரண்டுமே மூழ்கிவிடும் என்பதால் உப்பு நிறைந்த நீர்தான் வேண்டும். உருண்டையின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் குச்சியால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூழ்க வேண்டியது மிதக்கும். இரண்டாவது சோதனையாக, உருண்டையை நெகிழிப் பையில் போட்டுக் கட்டி 60 டிகிரி சூடுள்ள நீரில் அமுக்கிவையுங்கள். பாரா உருகிவிடும். நாஃப்தலீனுக்கு 80 வேண்டும், ஆகவே அப்படியே இருக்கும். சோறு தின்கிற டம்ளர் தட்டு எதையும் இதற்கு எடுக்காதீர்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தையின் துணி இருக்கிற இடத்தில் இந்த இரண்டில் எதையுமே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் வாடையிலேயே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பொருளில் தொட்டுச் சுடரில் காட்டினால் பச்சை எரியும், அது பைல்ஸ்டைன் சோதனை, குளோரின் இருப்பதைக் காட்டும். அதை வீட்டு அடுப்பில் செய்ய வேண்டாம். குளோரின் ஏறிய அரோமேட்டிக்கை, அதாவது பென்சீன் வளையமுள்ள பொருளை, எரித்தால் நல்லதல்லாத ஆவி வரும். கல்லூரியில் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள்.

வளையத்துக்கு வெளியே

இனி கோலத்தில் ஒரு மூலையில் சோழி ஒன்று வையுங்கள். அது மெத்தில் தொகுதி. இப்போது இது டொலுயீன். சோழி இருக்கிற மூலைதான் 1, அது அசையாது. சுற்றி நடக்கிற சலுகை போய்விட்டது, இரண்டு திசையிலும் படிக்கிற சலுகை மட்டும் மிச்சம். ஒரு கொட்டை வைத்தால் ஆர்த்தோ, மெட்டா, பாரா மூன்று. இரண்டு கொட்டைக்கு 2,3, 2,4, 2,5, 2,6, 3,4, 3,5 என்று ஆறு. இந்த ஆறை மனப்பாடம் செய்துவிடுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரே வாய்பாடும் வேறு வேறு அமைப்பும் உள்ள பொருள்களுக்கு மாற்றியங்கள் என்று பெயர். கேள்வித்தாள் "குளோரோடொலுயீனின் மாற்றியங்கள்" என்று கேட்டால் மூன்று. "கார்பன் 7, ஹைட்ரஜன் 7, குளோரின் 1 என்ற வாய்பாட்டுக்கு பென்சீன் வளையமுள்ள மாற்றியங்கள்" என்று கேட்டால் நாலு. குளோரின் வளையத்தில் ஏறாமல் மெத்திலில் ஏறினால் அது பென்சைல் குளோரைடு. அந்த நாலாவதை நான் மறக்கவே முடியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அலமாரியில் ஒரு பழுப்புப் புட்டி. யாரோ பென்சிலால் வாய்பாட்டையும் தேதியையும் மட்டும் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு வேண்டியது பாரா குளோரோடொலுயீன். வாய்பாடு சரியாக இருந்தது, எடுத்து எடைத்தராசு மேஜையிலேயே மூடியைத் திறந்தேன். அடுத்த நொடி கண் திறக்க முடியவில்லை. வெங்காயம் நறுக்குகிற எரிச்சல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தடவித் தடவிக் குழாய்க்குப் போய்க் கால்மணி நேரம் தண்ணீரில் கண்ணைக் கழுவினேன். பென்சைல் குளோரைடு கண்ணீர்ப்புகை மாதிரி வேலை செய்கிற பொருள். அதே வாய்பாடு, அதே மூலக்கூறு நிறை 126.5. குளோரின் உட்கார்ந்த இடம் மட்டும் வேறு.

பிறகு இரண்டு சோதனைக் குழாயில் காட்டினார்கள். எத்தனால் கரைசலில் ஒவ்வொன்றிலும் சில சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்து இளஞ்சூடு காட்டியதும் பென்சைல் குளோரைடு குழாயில் தயிர் திரிந்தாற்போல் வெள்ளை வீழ்படிவு இறங்கியது. பாரா குளோரோடொலுயீன் குழாய் தெளிவாகவே நின்றது. வளையத்தின் கார்பனோடு நேராக ஒட்டிய குளோரின் தன் எலக்ட்ரான்களை வளையத்தோடு பகிர்ந்துகொண்டு கெட்டியாகப் பிடித்திருக்கும், லேசில் விடாது. ஒரு கார்பன் தள்ளி இருப்பது சுலபமாகக் கழன்றுவிடும். புட்டியில் வாய்பாட்டை மட்டும் எழுதாதீர்கள். முழுப் பெயரை, எண்ணோடு எழுதுங்கள்.

டொலுயீனில் குளோரினை எங்கே ஏற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. இரும்பு குளோரைடு போட்டு இருட்டில் விட்டால் வளையத்தில், ஆர்த்தோவிலும் பாராவிலும் ஏறும். கொதிக்கவைத்து வெளிச்சத்தில் விட்டால் மெத்தில் தொகுதியில் ஏறும். இரண்டு குளோரின் என்றால் வளையத்தில் ஆறு, ஒன்று வளையத்தில் ஒன்று வெளியே மூன்று, இரண்டும் வெளியே ஒன்று, மொத்தம் 10.

பென்சீனுக்கும் இதே இரும்பு, வெளிச்சக் கதை உண்டு, அதை நம் ஊர் விவசாயிகள் தோளில் சுமந்திருக்கிறார்கள். இரும்பு குளோரைடோடு தொடர்ந்து குளோரினை ஏற்றினால் ஆறு மூலையும் நிரம்பி ஹெக்சாகுளோரோபென்சீன், அதாவது எச்.சி.பி. வெளிச்சத்தில் விட்டால் வளையத்தின் அரோமேட்டிக் தன்மையே போய், ஆறு ஹைட்ரஜனும் இருக்க ஆறு குளோரின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். ஃபாரடே 1825-லேயே செய்த பொருள். கையால் தூவிவந்த பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) பவுடர் அதுதான். எச்.சி.பி., பி.எச்.சி. என்ற இரண்டு பெயரையும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஆய்வகத்திலும் இருக்கிறார்கள். முதலாவது தட்டை, மாற்றியம் ஒன்றே. இரண்டாவது தட்டையில்லை, குளோரின் மேலேயோ கீழேயோ நிற்கலாம், ஆகவே எட்டு மாற்றியம், பூச்சியைக் கொல்வது அதில் காமா, அதாவது லிண்டேன். கோலத்தில் இதை எண்ண முடியாது. கோலத்துக்கு மேல் கீழ் கிடையாது. இந்தியாவில் பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது. எச்.சி.பி. விதைக்குப் பூசிவந்த பூஞ்சணக்கொல்லி. 1950-களின் பின்பாதியில் துருக்கியில் அதைப் பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தோல் வெந்து புண்ணானது. 2001-ல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பன்னிரண்டு பொருள்களில் அது ஒன்று.

சோழியை ஃபீனாலின் ஹைட்ராக்சில் என்று மாற்றி நினைத்துக்கொண்டால் டைகுளோரோஃபீனாலும் அதே ஆறுதான். அதில் 2,4 என்கிற விலாசத்தில் இருப்பதிலிருந்துதான் நெல்வயலில் கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் அடிக்கிற 2,4-டி வருகிறது. டப்பாவில் இருக்கிற அந்த இரண்டு எண்ணும் கோலத்தின் மூலை எண்கள்தான் என்று ஒரு மாணவியின் அப்பாவுக்குச் சொன்னபோது, அவர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தார்.

இரட்டைக் கோலம்

லாஸ்பேட்டையில் பி.எஸ்சி. படிக்கிற ஒரு பெண், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருக்கிற பி.சி.பி. (குளோரின் ஏறிய பைஃபீனைல்) என்பது 209 வகை என்று படித்துவிட்டு, அது எப்படி வந்தது என்று கேட்டுப் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். இரண்டு கோலம் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒரு மூலையை மட்டும் கோட்டால் சேருங்கள். அது பைஃபீனைல். ஒவ்வொரு வளையத்துக்கும் அடுத்த வளையமே சோழி மாதிரி. அடுத்து, இரண்டு வளையமும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் அதே பொருள் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கொட்டை: மூன்று. இரண்டு கொட்டையும் ஒரே வளையத்தில் என்றால் நீங்கள் மனப்பாடம் செய்த அந்த ஆறு. ஆளுக்கு ஒன்று என்றால் ஆர்த்தோ-ஆர்த்தோ, ஆர்த்தோ-மெட்டா, ஆர்த்தோ-பாரா, மெட்டா-மெட்டா, மெட்டா-பாரா, பாரா-பாரா என்று இன்னொரு ஆறு. மொத்தம் 12. மூன்று கொட்டைக்கு, மூன்றும் ஒரே வளையத்தில் ஆறு, ஏனென்றால் ஐந்து மூலையில் மூன்றை நிரப்புவதும் இரண்டைக் காலியாக விடுவதும் ஒரே கணக்கு. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்றால் ஆறு பெருக்கல் மூன்று, பதினெட்டு. ஆக 24.

அவள் இதுவரை எழுதிக்கொண்டு, நாலு கொட்டையைத் தானே செய்கிறேன் என்று கோலமாவு டப்பாவை வாங்கிக்கொண்டாள். நாலும் ஒரே பக்கம் மூன்று, மூன்றும் ஒன்றுமாக 18. இரண்டும் இரண்டுமாகப் பிரிக்கிற இடத்தில் ஆறு பெருக்கல் ஆறு 36 என்று எழுதிவிட்டு, அப்புறம் தானாகவே அடித்தாள். இடது வளையத்தில் 2,3, வலதில் 2,4 என்பதும் இடதில் 2,4, வலதில் 2,3 என்பதும் ஒன்று. ஒன்றுபோல இருக்கிற ஜோடி 6, வேறு வேறாக இருக்கிற ஜோடி 15, ஆக 21. மூன்று, பதினெட்டு, இருபத்தொன்று. 42. துறைமுகம் சந்திப்பில் ரயில் ஊதியது கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை, ஐந்து கொட்டைக்கு 46 வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன்.